வாய்க்காலுக்கு அந்தப்புறம் ஒரு வெள்ளைத் துணி

அத்தியாயம் 14

வணக்கம், கண்ணுகளா. எல்லாரும் சௌக்கியமா? இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகப் படுத்திருப்பதாக எழுதியிருந்த தையல்காரம்மா, இப்போது எழுந்து உட்கார முடிகிறதா? மிஷினை மிதிக்க அவசரப்படாதீர்கள். இருமல் விடாத லாரி டிரைவர் தம்பி, ஆவி பிடித்தீர்களா இல்லையா? சரி, எல்லாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். இந்த வாரம் நம் கதையில் ஒருத்தருக்கும் கோபம் அடங்கப்போவதில்லை.

விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். பெரியவன் உரக்கடை வைத்திருக்கிறான். மூட்டையில் தைத்து வராத எதையும் உரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டான். சின்னவன் டவுனில் இயற்கைக் காய்கறிக் கடை வைத்திருக்கிறான். யூரியா என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்துபோய்க் கை கழுவுகிற ரகம். இரண்டு பேருக்கும் இடையில் பிறந்தவள் நம் நடுவுள்ளவள். முப்பத்து நாலு வயது. அப்பாவின் முட்டி தேய்ந்து அவர் தடி ஊன்ற ஆரம்பித்த நாளிலிருந்து, பத்து வருடமாக அந்த ஆறு ஏக்கரை ஓட்டுகிறவள் அவள்தான்.

நிலத்தை இனி யார் பொறுப்பில் விடுவது என்று வீட்டில் பெரிய ரகளை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஒரு வழி சொன்னார். ஆளுக்கு ஒரு துண்டு நிலம், எல்லாருக்கும் ஒரே பீன்ஸ் விதை, ஒரே தண்ணீர். உரம் மட்டும் அவரவர் இஷ்டம். முதல் பறிப்பில் யார் துண்டு அதிக எடை காட்டுகிறதோ, ஆறு ஏக்கரும் அவர் கையில்.

அப்பா நடுவராகக் கூப்பிட்ட வேளாண்மை அலுவலர் மூன்று துண்டையும் சம அளவாக அளந்து, துண்டுக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, தன் கையாலேயே குச்சியில் துணி கட்டினார். சின்னவனுக்குப் பச்சை, பெரியவனுக்கு வெள்ளை, நடுவுள்ளவளுக்கு மஞ்சள். பச்சையும் வெள்ளையும் வாய்க்காலுக்கு வீட்டுப்பக்கம். மஞ்சள் மட்டும் வாய்க்காலுக்கு அந்தப்புறம், ஒற்றைப் பலகையைத் தாண்டிப் போக வேண்டிய துண்டு. மேடு, கல், வேண்டாத இடம். "எனக்கு அதுவே போதும்" என்று வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான் பழைய கதை. இப்போது ஐம்பத்தைந்தாம் நாள் காலை. பறிப்பு நாள்.

*

விடிவதற்கு முன் அப்பாதான் அவளை எழுப்பினார்.

"பெட்டி பத்தாதும்மா. முதல் பஸ்ஸைப் பிடிச்சு மார்க்கெட்டுக்குப் போய் இருபது காலிப் பெட்டி எடுத்துட்டு வந்துரு."

"பின்கட்டுல இருக்குமேப்பா?"

"அதெல்லாம் விரிசல் விட்டது. போ, போ, பஸ் போயிரும்."

போனாள். பெட்டிகளை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து வந்து இறங்கியபோது மணி ஒன்பது. அவள் வந்த பிறகு பறிக்கலாம் என்றுதான் பேச்சு. இங்கே பறித்தே முடித்துவிட்டார்கள். களத்தில் காய் நிறைந்த பெட்டிகள் வரிசையாக நின்றன. பின்கட்டுப் பெட்டிகள். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

தராசுக்குப் பக்கத்தில் வேளாண்மை அலுவலர் அம்மா எடை எழுதுகிற ஃபாரத்தோடு நின்றிருந்தார். விதைக்கும்போது வந்து அளந்த பழைய அலுவலருக்கு மாற்றலாகிவிட்டது. இந்த அம்மா வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது.

"வாங்க, வாங்க," என்றார் அவர். "பச்சைத் துணி நாப்பத்தொண்ணு கிலோ. மஞ்சள் அம்பத்திரண்டு. வெள்ளை அறுபத்தெட்டு. உங்க அண்ணன் பின்னிட்டார்."

பறிக்க வந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். பெரியவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

நடுவுள்ளவள் தலைமுண்டை அவிழ்த்தபடி நிலத்தைப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை பார்த்தாள்.

வாய்க்காலுக்கு அந்தப்புறம், அவள் துண்டின் தலைமாட்டில், வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

இந்தப்புறம், பெரியவனின் துண்டில், மஞ்சள்.

*

"யாருடா மாத்தினது?"

அவள் போட்ட சத்தத்தில் பறிக்க வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதை?" என்றான் பெரியவன்.

"தெரியாத மாதிரி கேக்காத அண்ணா. துணியை. அந்தப்புறம் இருக்கிறது என் துண்டு. அந்த அறுபத்தெட்டு கிலோ என்னுது."

"ஆரம்பிச்சிட்டா. தோத்தா துணியை மாத்திட்டாங்க, ஜெயிச்சிருந்தா நேர்மையா நடந்துச்சு. அப்படித்தானே?"

"உன் துண்டு எங்க இருக்குன்னே உனக்குத் தெரியாதே! விதைச்ச அன்னிக்கு ரோட்டுல பைக்கை நிறுத்தி, பைக்லேயே உக்காந்து பார்த்தவன் நீ. உரம் போட்டது உன் கடை ஆளு. அவரை இன்னிக்கு ஏன் கூட்டிட்டு வரல?"

"அவர் கடையைப் பாக்க வேண்டாமா? கடையைச் சாத்திட்டு ஊரையே கூட்டிட்டு வரவா?"

"சின்னவனே, நீ சொல்லுடா. மஞ்சள் எங்க இருந்தது?"

சின்னவன் நாற்பத்தொரு கிலோ துக்கத்தில் இருந்தான். "என்னை இழுக்காதக்கா. விஷம் போட்டு வளத்ததுல எது முதல், எது ரெண்டாவதுன்னு எனக்கு எதுக்கு?"

"விஷமா? நீ போட்ட எரு மட்கவே இல்லை. உருண்டை உருண்டையா கிடந்துச்சு. அது மட்கிறதுக்கு மண்ணுல இருந்த சத்தையும் சேத்துத் தின்னுருச்சு. செடி ஒரு மாசம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி நின்னுச்சு. அதுக்குப் பேரு இயற்கை இல்லடா, சோம்பேறித்தனம்."

"அப்போ நீ செஞ்சதுக்கு என்ன பேரு?" பெரியவன் சிரித்தான். "கொஞ்சம் எரு, கொஞ்சம் மூட்டை உரம். இவனுக்கும் நல்லவ, எனக்கும் நல்லவ. கலவை ராணி!"

பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடுவுள்ளவளுக்குக் காது சுட்டது. விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாகவே மட்கிய எருவை அள்ளிச் சாலில் இறைத்தவள் அவள். சர்க்கரைத் தண்ணீரில் நுண்ணுயிர் உரத்தைக் குழைத்து, விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, ஒரு விதைகூட வெயிலைப் பார்க்காமல் காவல் காத்தவள் அவள். மூட்டை உரத்தைப் பாதியாகக் குறைத்து, அதுவும் விதையில் பட்டால் தடவிய நுண்ணுயிர் செத்துவிடும் என்று நாலு விரல் தள்ளித் தள்ளி வைத்தவள். குனிந்து குனிந்து நிமிர முடியாமல் இரவில் குப்புறப் படுத்தவள். அதற்கெல்லாம் பெயர் கலவை ராணியாம்.

அவள் விடுவிடுவென்று இந்தப்புறத்துக் குச்சியிடம் போனாள். மஞ்சள் துணியை அவிழ்க்கப் பார்த்தாள். இழுக்க இழுக்க இறுகியது. நகம் ஒடிந்ததுதான் மிச்சம். குச்சியையே ஆட்டி, மண்ணோடு பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மேடம், நீங்க வாங்க. துணி பொய் சொல்லும். வேர் சொல்லாது."

*

வேளாண்மை அலுவலர் பாவம், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவர் பின்னால் பெரியவன். எதற்கும் இருக்கட்டும் என்று சின்னவனும்.

மஞ்சள் இருந்த துண்டில் ஒரு செடியை அடிமண்ணோடு தோண்டினாள். இலை கரும்பச்சை; ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மண்ணை உதறி, வேரை வாய்க்கால் தண்ணீரில் அலசித் தூக்கிக் காட்டினாள். வழவழவென்று வெறும் வேர். தேடிப் பார்த்தால் நாலைந்து சின்ன முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே சாம்பல் வெள்ளை.

பலகையைத் தாண்டினாள். வெள்ளைத் துணிக்குக் கீழே ஒரு செடி. இலை அத்தனை ஆடம்பரம் இல்லை. காய் பறித்த காம்புகள்தான் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. வேரை அலசினாள். கடுகையும் மிளகையும் வாரி ஒட்டவைத்தது போல வேர் முழுக்க முடிச்சு. ஒன்றைக் கீறினாள். உள்ளே ரத்தச் சிவப்பு.

அலுவலர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இன்னொண்ணு பிடுங்குங்க."

பிடுங்கினாள். ஒவ்வொரு துண்டிலும் ஐந்தைந்து செடி. இங்கே சிவப்பு, அங்கே வெறும் வேர். ஒன்றுகூட மாறவில்லை.

"சார்," அலுவலர் பெரியவன் பக்கம் திரும்பினார். "உங்க ஆள் யூரியா எத்தனை தடவை போட்டார்?"

"அடியுரத்தோட ஒரு தடவை. அப்புறம் ரெண்டு தடவை. கணக்குப்படி மூணு." அதிலும் அவனுக்குப் பெருமை.

"பீன்ஸ் காத்துல இருக்கிற சத்தைத் தானே பிடிச்சுக்கிற செடி, சார். அதுக்குத்தான் இந்த முடிச்சு. நீங்க மூணு வேளையும் தட்டுல போட்டா அது ஏன் அடுப்பு பத்த வைக்கும்? முடிச்சு பிடிக்காது. இலைதான் வளரும், பூ குறையும். அதோ அந்தக் கரும்பச்சை இலை இருக்கிறதுதான் உங்க துண்டு. முடிச்சு இருக்கிறது உங்க தங்கச்சியுது. பாதி மூட்டை, பாதி எரு, விதையில நுண்ணுயிர். இந்த வேர் அதை அப்படியே சொல்லுது."

"அப்போ எழுதுங்க," என்றாள் நடுவுள்ளவள்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஃபாரத்துல துணி நிறத்தைத்தான் கேட்டிருக்காங்க, வேரைக் கேக்கல. மாத்தினது யாருன்னு உங்க வீட்டுக்குள்ள பேசிக்குங்க. நான் ஜெயிச்சவங்க பேர் இருக்கிற இடத்தைக் காலியா விடுறேன். சனிக்கிழமை வரைக்கும்தான்."

பெரியவன் இரண்டு வேரையும் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"சந்தோஷமா அண்ணா?" என்றாள். "தங்கச்சி உழைப்பைத் திருடி காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டியே, எப்படி இருந்தது?"

"நான் தொடல."

"வேற யாரு தொடுவா? ஜெயிச்சது நீதானே?"

"நான் தொடலடி!" அவன் கத்திய கத்தலில் வாய்க்கால் கரையில் மேய்ந்த கொக்கு எழுந்து பறந்தது. "எட்டு மணிக்குத்தான் வந்தேன், இவங்களைக் கேளு! என் சரக்கு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. தோத்தா தோத்தேன்னு சொல்லிட்டுப் போவேன். திருட வேண்டிய நிலைமையில நான் இல்லை!"

வெள்ளைத் துணிக் குச்சியை ஒரே இழுப்பில் பிடுங்கினான்.

"வா வீட்டுக்கு. யாருன்னு பாத்துரலாம். இன்னிக்கு எனக்கும் தெரிஞ்சாகணும்."

*

வீட்டு முன்னறையில் அப்பா நாற்காலியில் இருந்தார். தடி பக்கத்தில் சாய்ந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, அன்றைய பீன்ஸில் ஒரு கைப்பிடி எடுத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். மூவரும் சேற்றுக் காலோடு உள்ளே வந்ததைப் பார்த்தும் "காலைக் கழுவு" என்று சொல்லவில்லை. அதையே நடுவுள்ளவள் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"என்ன சத்தம்? ரோடு வரைக்கும் கேக்குது," என்றார் அப்பா.

பெரியவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்த விதை மூட்டைகள் மேல் அவள் பார்வை விழுந்திருந்தது. அத்தனை மூட்டையும் அப்பா கட்டியவை. அவருக்கு இடது கைப் பழக்கம். இழுத்தால் இறுகும், ஒரு குறிப்பிட்ட முனையை இடப்பக்கம் சுண்டினால் மட்டும் பொலபொலவென்று அவிழும் ஒரு சுருக்கு. பத்து வருடத்தில் அவளுக்கு அது கைவரவே இல்லை. ஒவ்வொரு மூட்டையையும் கத்தரிக்கோலால்தான் வெட்டுவாள்.

கக்கத்திலிருந்த குச்சியை எடுத்து, மஞ்சள் துணியின் முடிச்சைப் பார்த்தாள்; அதே சுருக்கு.

"ஒண்ணும் இல்லைப்பா," என்றாள், குரலை வலிந்து தணித்துக்கொண்டு. குச்சியை அவர் மடியில் வைத்தாள். "இந்தத் துணியை அவிழ்த்துக் குடுங்க. எனக்கு வரல."

அப்பா யோசிக்கவில்லை. கை யோசிக்குமா? இடது கை போய் முனையைப் பிடித்தது. ஒரு சுண்டு. துணி அவிழ்ந்து மடியில் விழுந்தது.

நார் உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா மடியிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்களா?" என்றான் பெரியவன். "நீங்களாப்பா? என்னால சொந்தமா ஜெயிக்க முடியாதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"உனக்காகத்தான்டா..."

"எனக்காகவா? இத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடனாக்கிட்டு எனக்காகவா?"

"கத்தாதே. யோசிச்சுப் பாரு. அவ நல்லா செய்வா, யாரு இல்லைன்னா? ஆனா அவ இன்னொரு வீட்டுக்குப் போறவ. போறவ கையில நிலத்தைக் குடுத்தா நாளைக்கு யாரு பாப்பா? ஏதோ ஒரு நல்ல எண்ணத்துல..."

"போறவளா?"

நடுவுள்ளவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சின்னவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"பத்து வருஷமா இதையே சொல்றீங்கப்பா, போறவ போறவன்னு. போனது யாரு? இவன் கடைக்குப் போனான். இவன் டவுனுக்குப் போனான். நான் எங்க போனேன்? வரப்புக்கும் மோட்டார் ரூமுக்கும் போனேன். உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். இன்னிக்குக் காலையில போனேன், நீங்க எழுப்பி அனுப்பினீங்கன்னு, இல்லாத விரிசலுக்குப் பெட்டி வாங்க! என்னை அங்க அனுப்பிட்டு இங்க என் துணியை அவிழ்த்தீங்களா?"

"பெரியவங்ககிட்டப் பேசுற பேச்சா இது?"

"பெரியவங்க செய்யுற காரியமா அது? போட்டி வைக்காமலே இருந்திருக்கலாமே! 'பொண்ணுக்குக் கிடையாது'ன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். ஐம்பத்தஞ்சு நாள் அந்தக் கல்லுல என்னைக் குனிய வச்சுட்டு..."

இடுப்பிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்தாள். நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள். எறிந்திருந்தால்கூட அப்பா அப்படித் திடுக்கிட்டிருக்க மாட்டார்.

"நாலு நாள்ல ரெண்டாவது பறிப்பு. நாளைக்குத் தண்ணி விடணும். வீட்டுல இருக்கப்போறவங்க யாரோ அவங்களை விடச் சொல்லுங்க."

வாசலை நோக்கித் திரும்பினாள். வழியில் பெரியவன் நின்றான், இன்னும் அந்தக் குச்சியைப் பிடித்தபடி. அதிலிருந்த வெள்ளைத் துணி அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாய்க்காலுக்கு அந்தப்புறம் போக ஒற்றைப் பலகைதான். தடி ஊன்றுகிற அப்பா இந்த வருடம் முழுக்க அதில் கால் வைத்ததே இல்லை. வைக்கவும் முடியாது.

அப்படியென்றால் அங்கே இதைக் கட்டியது யார்?

இது அப்பாவின் சுருக்கு இல்லை. காலையிலிருந்து எல்லார் கண்ணிலும் பட்டதுதான், ஒருத்தரும் பார்க்கவில்லை. இரண்டு காதும் சரிசமமாக விரிந்த, நடுவில் ஒரு சின்ன மடிப்பு வைத்து அழுத்திய ரிப்பன் பூ. பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருடமும், தினமும் காலையில், அவளுடைய இரட்டைச் சடையில் கட்டப்பட்ட அதே பூ. ஓடினாலும் விழுந்தாலும் அவிழாது என்று தோழிகள் எல்லாம் பொறாமைப்பட்ட பூ.

நடுவுள்ளவள் மெதுவாகத் திரும்பித் தரையைப் பார்த்தாள்.

அம்மா தலை நிமிரவில்லை. ஏற்கெனவே உரித்து வைத்த பீன்ஸை எடுத்து, இல்லாத நாரை மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தாள்.

*

கண்ணுகளா, அலுவலர் அம்மாவின் ஃபாரத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் பாடுபட்ட ஒன்றின் மேல் உங்கள் வீட்டாரே இன்னொருவர் துணியைக் கட்டியது உண்டா? அப்போது நீங்கள் சாவியை வைத்துவிட்டு வெளியே வந்தீர்களா, இல்லை எடுத்துக்கொண்டு உள்ளேயே நின்றீர்களா? ஒரு கார்டு போதும், எழுதுங்கள். கோபம் ஆறிய பிறகு எழுத வேண்டாம். கோபத்தோடேயே எழுதுங்கள்.